தண்ணீர்க் குழாயை விட்டு நகராத மகனும் கோடை விடுமுறையும்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. 3 வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பத்துப் பதினைந்து சொற்கள் பேசுவான்; மற்றதைப் படத்தைக் காட்டிக் கேட்பான். பள்ளி இருக்கும்போது எப்படியோ நாள் ஓடிவிடும். கோடை விடுமுறை வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. போன வருடம் ஒரு கோடை முகாமில் சேர்த்தேன். இரண்டாம் நாளே காதைப் பொத்திக்கொண்டு கத்தி, கதவைத் திறந்து ஓடப் பார்த்தானாம். ‘அடுத்த வருடம் பார்க்கலாம்’ என்று அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் வீட்டில்தான் இருக்கிறான். விளையாட்டுச் சாமான்கள் வாங்கிக் குவித்தும் எதையும் தொடவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, குவளையில் தண்ணீர் பிடித்துப் பிடித்துக் கொட்டிக்கொண்டே இருக்கிறான். குழாயை மூடினால் அழுகை. இல்லாவிட்டால் செல்போன். அவன் தங்கைக்கு 5 வயது. “அண்ணன் ஏன் என்னோட விளையாட மாட்டேங்கிறான்?” என்று அவள் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் விடுமுறையைச் சந்தோஷமாகக் கழிக்க என்னென்ன செய்யலாம்? ஒரு பட்டியல் கொடுத்தால் உதவியாக இருக்கும். முகாமுக்கு மறுபடி அனுப்பலாமா என்றும் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட பட்டியலின் முதல் வரியை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். குழாயும் குவளையும்தான் அது. அதைப் பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டு, உடுத்துவது, எழுதுவது போன்ற அன்றாடக் காரியங்களைப் பிள்ளைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக எனக்கு அது நல்ல செய்தியாகப் படுகிறது. தனக்கு எது பிடிக்கிறது என்று உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கிறது. அதைத் தேடிப் போகவும் தெரிந்திருக்கிறது. எங்கள் அறைக்கு வரும் பல குழந்தைகளிடம் இந்த ஒன்றைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

நாளைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். அவன் தண்ணீர் கொட்டும்போது தடுக்காமல், பேசாமல், பக்கத்தில் ஒரு கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். குவளையை எந்த உயரத்தில் பிடிக்கிறான்? கண்ணுக்கு நேராகவா, கண்ணோரத்திலா? தண்ணீர் விழும் சத்தத்துக்குக் காதைக் கொடுக்கிறானா? விழும் தண்ணீருக்கு அடியில் கையை நீட்டுகிறானா? நிரம்பிய குவளையைத் தூக்கும்போதுதான் முகம் மலர்கிறதா? பார்க்க ஒரே விளையாட்டாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு குழந்தைக்கு அது கண்ணின் இன்பம், இன்னொன்றுக்குக் காதின் இன்பம், மூன்றாவது குழந்தைக்குக் கையில் ஏறி இறங்கும் கனத்தின் இன்பம்.

என்னிடம் வந்த ஒரு சிறுவனும் இப்படித்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பான். முதலில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒருநாள் அவன் உயரத்துக்குக் குனிந்து, அவன் பார்க்கிற திசையில் நானும் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகக் குவளையைச் சாய்க்கிறான். தண்ணீர் முதலில் கண்ணாடிக் கம்பி மாதிரி இறங்குகிறது. குவளை காலியாகக் காலியாக அந்தக் கம்பி மெலிந்து, முறுக்கிக்கொண்டு, ஒரு இடத்தில் அறுந்து துளித்துளியாகிறது. அந்த அறுகிற நொடியில் அவன் விரல்கள் படபடவென்று அடித்துக்கொள்கின்றன, உதட்டில் சிரிப்பு. அவன் காத்திருந்தது அந்த நொடிக்காகத்தான். அது தெரிந்த பிறகு எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. அடியில் துளை போட்ட டம்ளர், சல்லடையில் ஆற்று மணல், புனலில் விழும் சிறு தானியம், சாயத் தண்ணீர் அடைத்த பாட்டில் என்று, அறுந்து விழுகிற எல்லாவற்றையும் அவன் முன்னால் வைத்தேன். அதுவரை புதுப் பொருளைத் தொடவே மாட்டான் என்று அவனுடைய அம்மா சொல்லியிருந்தார். மணலை அன்றைக்கே அள்ளினான்.

நீங்கள் வாங்கிக் குவித்த விளையாட்டுச் சாமான்களை உங்கள் மகன் தொடாததற்கும் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவை நமக்குப் பிடித்தவை, கடையில் நம் கண்ணைக் கவர்ந்தவை.

புலன்கள் ஐந்து என்று பள்ளியில் படித்தோம். எங்கள் துறையில் அவற்றோடு இன்னும் மூன்றைச் சேர்த்துப் பேசுவோம். உட்காதில் இருக்கும் சமநிலை உணர்வு ஒன்று. கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு பலம் போடுகிறோம் என்று தசைகளும் மூட்டுகளும் சொல்லும் உணர்வு இரண்டாவது. பசி, தாகம், சிறுநீர், உடல் சூடு போன்றவற்றை உடம்புக்குள்ளிருந்து சொல்லும் உணர்வு மூன்றாவது. ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1960, 70களிலேயே, புலன்கள் அனுப்பும் தகவல்களை மூளை எப்படி ஒன்றுசேர்க்கிறது என்பதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒலி, தொடுதல், ஒளி போன்றவற்றை அளவுக்கு மீறி உணர்வதோ, குறைவாக உணர்வதோ ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்பது 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில்தான் இடம்பிடித்தது. ஆனால் வீட்டில் பிள்ளையை வளர்க்கிற அம்மாக்களுக்கு இது முன்பே தெரியும். மிக்சியைப் போட்டால் காதைப் பொத்துகிற பிள்ளை, கீழே விழுந்து முழங்காலில் ரத்தம் வழிந்தாலும் கவனிக்காமல் ஓடுவதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

சரி, குழாய்க்கு வருவோம். குழாயை மூடினால் அழுகிறான் என்றீர்கள். அவன் பக்கம் நின்று பார்த்தால், அவன் விளையாட்டை யாரோ திடீரென்று, காரணமே இல்லாமல் நிறுத்துகிறார்கள். குழாய்க்கு முடிவு கிடையாது. ஆகவே குழாயை விட்டுவிட்டு, இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்று காலி. இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும். தொட்டி காலியானால் ஆட்டம் முடிந்தது. முடிவு அவன் கண்ணுக்குத் தெரியும். முதல் சில நாள் மறுபடி நிரப்பச் சொல்வான், நிரப்புங்கள். “இன்னும் ஒரு தடவை, அப்புறம் துண்டு” என்று, தொட்டிப் படத்தையும் துண்டுப் படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டுங்கள். படம் காட்டிக் கேட்கிற பிள்ளைக்கு நாமும் படம் காட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். அவன் மொழி அது.

இரண்டு தொட்டி ஆட்டம் படிந்த பிறகு, நாளுக்கு ஒரு சின்ன மாற்றம். ஒருநாள் குவளைக்குப் பதில் ஸ்பான்ஜ். முக்கி எடுத்து மறு தொட்டியில் பிழிய வேண்டும். ஸ்பான்ஜைப் பிழிவது விரலுக்கும் மணிக்கட்டுக்கும் அருமையான பயிற்சி. பென்சில் பிடிக்கத் திணறும் பிள்ளைக்கு நான் கோடையில் தரும் வீட்டுப்பாடம் இதுதான். ஒருநாள், அவனுக்குப் பழக்கமான சின்னச் சாமான் ஒன்றைத் தண்ணீரில் போட்டு உறையவைத்து, அந்தப் பனிக்கட்டியைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுவான், உப்பைத் தூவுவான், தேய்ப்பான். சாமான் வாயில் போட்டுக்கொள்ள முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். ஒருநாள் பெரிய பெயின்ட் பிரஷ்ஷும் வெறும் தண்ணீரும் கொடுத்து, வெளிச்சுவரில் வரையச் சொல்லுங்கள். வெயிலில் வரைந்தது சில நிமிடத்தில் மறைந்துவிடும், மறுபடி வரையலாம். எதுவும் கெட்டுப்போகாது, யாரும் ‘அய்யோ’ என்று கத்த மாட்டார்கள். தப்பாக வரைந்துவிட்டோம் என்று தாளைக் கிழிக்கும் பிள்ளைகள் இதில் நிம்மதியாக விளையாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சைக்கிள் கழுவுவது, ஈரத் துணி பிழிவது ஆகியவையும் விளையாட்டுதான். பாதி நிரம்பிய வாளியைத் தூக்கி நடப்பதில் தோளும் முதுகும் வேலை செய்யும். எடை தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, குதிப்பது எல்லாவற்றையும் சேர்த்து ‘கன வேலை’ என்று நாங்கள் சொல்வோம். பல பிள்ளைகளை இது நிதானத்துக்குக் கொண்டுவருகிறது. தலையணைகளைக் குவித்து அதில் விழுவது, போர்வையில் தங்கையை உட்காரவைத்து இழுத்துப் போவது, துணிக்கூடையைத் தள்ளுவது எல்லாம் வெயில் உச்சியில் இருக்கும் நேரத்துக்கு நல்லது. போர்வையில் சுருட்டி அணைத்துக்கொள்வது சில பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அவன் கேட்டால் மட்டும் செய்யுங்கள், முகம் எப்போதும் வெளியே இருக்கட்டும், விலகப் பார்த்தால் அந்த நொடியே விட்டுவிடுங்கள்.

கையில் பிசுபிசுப்பு ஒட்டினால் பிடிக்காத பிள்ளையா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிக்காது என்றால் வற்புறுத்த வேண்டாம். கெட்டியான ஜிப் பையில் இரண்டு வண்ணப் பெயின்டை ஊற்றி, காற்றை வெளியேற்றி மூடி, மேலே டேப் ஒட்டிக் கொடுங்கள். வெளியிலிருந்து விரலால் அழுத்தி நிறங்களைக் கலக்கலாம், கை ஈரமாகாது. பிடிக்கும் என்றால் சோளமாவு (கடையில் கார்ன்ஃப்ளார் என்று கேளுங்கள்) இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து வையுங்கள். குத்தினால் கல் மாதிரி இறுகும், விரலை மெதுவாக விட்டால் திரவமாக வழியும். பெரியவர்களும் கையை எடுக்க மாட்டார்கள். முடிந்ததும் அதைச் சாக்கடைத் துளையில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் பழக்கம் அவனுக்கு இருந்தால், நீங்கள் தரும் பொருள் ஒவ்வொன்றும் வாய்க்குள் போனாலும் கெடுதல் செய்யாததாக இருக்க வேண்டும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வண்ண வண்ண ஜெல் உருண்டைகளை ‘சென்சரி விளையாட்டு’ என்ற பெயரில் விற்கிறார்கள். அவற்றை வீட்டுக்குள் விடவே விடாதீர்கள். விழுங்கிவிட்டால் குடலுக்குள் போய்ப் பெருத்து அடைத்துக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரைக்கும் போகும்.

பள்ளி நடக்கும்போது எப்படியோ நாள் ஓடிவிடும் என்றீர்கள். அந்த ‘எப்படியோ’வில்தான் விஷயம் இருக்கிறது. பள்ளியில் மணி அடிக்கும், ஒன்று முடிந்தால் அடுத்தது என்னவென்று தெரியும். விடுமுறை நமக்கு ஓய்வு. அவனுக்கோ காலை எழுந்ததிலிருந்து அடுத்து என்ன நடக்கப்போகிறது என்றே தெரியாத நாள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷோப்ளர் 1972-இல் முறைப்படி ஆரம்பித்த டீச் திட்டம், ஆட்டிசமுள்ள பிள்ளைகளுக்கு நாளின் ஒழுங்கைக் கண்ணால் பார்க்கும்படி அமைத்துக் கொடுப்பதையே அடித்தளமாக வைத்தது. வீட்டுக்குத் தேவையானது ஒரு அட்டை, கொஞ்சம் படங்கள், ஒரு டப்பா. காலைக்கு மூன்று படம், மாலைக்கு மூன்று படம் அட்டையில் வரிசையாக வைத்தால் போதும், அதுதான் அவன் அட்டவணை. ஒன்று முடிந்ததும் படத்தை அவனே எடுத்து டப்பாவில் போடட்டும். எழும் நேரமும் சாப்பாட்டு நேரமும் பள்ளி நாள் மாதிரியே இருக்கட்டும். தூக்கம் தள்ளிப்போக விட்டால் மற்ற எல்லாம் சரியும். புது விளையாட்டு எதுவானாலும், அவனுக்குப் பிடித்த இரண்டு பழைய விஷயங்களுக்கு நடுவே வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் புதிது வேண்டாம்.

இன்னொரு யோசனை. கேள்விக்குறி வரைந்த ஒரு அட்டையும் அந்த அட்டவணையில் வாரம் இரண்டு முறை இருக்கட்டும். அது வந்தால் எதிர்பாராத ஒன்று நடக்கும். முதல் மாதம் முழுக்க அது அவனுக்குப் பிடித்த ஒன்றாகவே இருக்கட்டும்: கூடுதலாக ஒரு தொட்டித் தண்ணீர், அல்லது சோப்புக் குமிழ். மாற்றம் என்றால் கெட்டது என்று பழகிப்போன பிள்ளைக்கு, மாற்றம் நல்லதாகவும் வரும் என்று காட்ட எனக்குத் தெரிந்த சுலபமான வழி இது.

வெளியே போவதைப் பற்றி. போங்கள், ஆனால் கூட்டம் வருவதற்கு முன் போங்கள், சீக்கிரம் திரும்புங்கள். பூங்காவுக்கோ கடற்கரைக்கோ காலையில் இருபது நிமிடம் போதும். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். அழ ஆரம்பித்த பிறகு கிளம்பினால் அந்த இடத்தின் நினைவு அழுகையாகத்தான் தங்கும். போகும் முன் அந்த இடத்தின் புகைப்படத்தைக் காட்டுங்கள். வாசல், ஊஞ்சல், திரும்பி வரும் வழி, வீடு. காதுக்குச் சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன், பழக்கமான ஒரு பொருள், மாற்றுத் துணி, தண்ணீர் எப்போதும் பையில் இருக்கட்டும். மணல் காலில் படுவது பிடிக்கவில்லை என்றால் செருப்போடு நடக்கட்டும், அதிலென்ன.

இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவற்றை உங்களிடம் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு முன் பிள்ளைகளுக்காக ஒரு கொண்டாட்டம் வைத்தோம். நானே ஆசை ஆசையாக அறை முழுக்கப் பலூன் கட்டினேன். ஒரு பலூன் வெடித்தது. ஏழு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி மேஜைக்கு அடியில் போய் ஒடுங்கிவிட்டாள். அதற்கு முன்பே அவள் நுனிக்காலில் நடக்க ஆரம்பித்திருந்தாள், சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன், ஆனால் கொண்டாட்டத்தின் குஷி என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அந்த அறைக்குள் மறுபடி கால்வைக்க அவளுக்கு ஆறு வாரம் ஆயிற்று. உங்கள் மகனும் அந்த முகாமில் காதைப் பொத்துவதற்கு முன் ஏதாவது ஒரு அறிகுறி காட்டியிருப்பான். அது அடம் அல்ல. தாங்கும் அளவைத் தாண்டிவிட்ட உடம்பு அங்கிருந்து வெளியேறப் பார்த்திருக்கிறது. எல்லை தாண்டும் முன் அவன் என்ன செய்வான் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருங்கள்.

ஓடப் பார்த்தான் என்பதை மட்டும் லேசாக விடாதீர்கள். 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசமுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் 4 வயதுக்குப் பிறகு ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தை விட்டு வெளியேற முயன்றதாகப் பெற்றோர் சொல்லியிருந்தார்கள். அப்படி வெளியேறும் பிள்ளைகளுக்கு மிகப் பெரிய ஆபத்து நீர்நிலைதான். தண்ணீரை இவ்வளவு நேசிக்கிற பிள்ளைக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். கதவில் அவனுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், அவன் சட்டைக்குள் உங்கள் போன் எண், பக்கத்தில் இருக்கும் குளமோ கிணறோ எங்கே என்ற கணக்கு, இவை மூன்றும் இந்த வாரமே முடியட்டும். காணவில்லை என்றால் முதலில் ஓட வேண்டியது தண்ணீர்ப் பக்கம்தான். தொட்டியில் விளையாடும்போதும் ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டும். வாய்ப்பு இருந்தால் நீச்சல் கற்றுக்கொடுங்கள், தனியாகப் பயிற்சி தருபவரிடம், ஆளில்லாத நேரத்தில். உடம்பைச் சுற்றித் தண்ணீர் ஒரே சீராக அழுத்துவது இப்படிப்பட்ட பல பிள்ளைகளுக்குச் சுகமாக இருக்கும். ஆட்டிசத்தோடு வலிப்பு நோய் சேர்ந்து வருவதும் உண்டு. அவனுக்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு நீரில் இறக்குங்கள்.

தாகம் எடுப்பதும் உடம்பு சுடுவதும் அவனுக்குத் தெரியாமல் போகலாம். கேட்டால் கொடுக்கலாம் என்று காத்திருக்காமல், அட்டவணையிலேயே தண்ணீர் குடிக்கும் படத்தை வையுங்கள். அவன் ஏதாவது மருந்து சாப்பிட்டால், வெயிலில் கவனிக்க வேண்டியது என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். வியர்வையைக் குறைக்கும் மருந்துகளும் உண்டு.

செல்போனுக்காக உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிற உங்களுக்கும் குளிக்க, சாப்பிட, சும்மா உட்கார நேரம் வேண்டும். அதையும் ஒரு படமாக அட்டவணையில், ஒரே நேரத்தில், டைமரோடு வைத்துவிடுங்கள். நேரம் தெரிந்தால் கேட்டுக் கேட்டு நச்சரிப்பது குறையும். போனிலேயே அவன் தண்ணீர் விளையாடும் வீடியோவை எடுத்து அவனுக்குக் காட்டிப் பாருங்கள். சில பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத் தொட்டியைத் தேடிப் போவார்கள்.

முகாம் பற்றி: இப்போதைக்கு அவசரம் இல்லை. அனுப்புவதென்றால் முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர், ஒதுங்கி உட்கார அமைதியான மூலை உண்டா, ஒலிபெருக்கி வைக்கிறார்களா, கதவு எப்படி மூடுகிறது, அவன் படங்களைப் பயன்படுத்த விடுவார்களா என்று கேளுங்கள். “நாங்க பார்த்துக்கிறோம்” என்று மட்டும் பதில் வந்தால் வேண்டாம். சரியாகப் பதில் சொல்கிறவர்களிடம், முதல் வாரம் நீங்களும் கூட இருந்து, தினம் ஒரு மணி நேரம் என்று ஆரம்பியுங்கள்.

கடைசியாக, உங்கள் மகள். அவளிடம் உண்மையைச் சின்னச் சொல்லில் சொல்லுங்கள்: “அண்ணனுக்குச் சத்தம் ரொம்பப் பெரிசாக் கேக்கும். நிறையப் பேர் பேசினா அவனுக்குக் கஷ்டமா இருக்கும். தண்ணின்னா ரொம்பப் பிடிக்கும்.” ஐந்து வயதுக்கு அது புரியும். அவனை அவள் விளையாட்டுக்கு இழுக்க வேண்டாம், அவள் அவன் விளையாட்டுக்குள் போகட்டும். இரண்டாவது தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு குவளையோடு அவளை உட்காரவையுங்கள். பேச வேண்டாம், அவன் ஊற்றுகிற மாதிரியே ஊற்றினால் போதும் என்று சொல்லுங்கள். சில நாள் கழித்து, அவன் ஒரு குவளை, அவள் ஒரு குவளை என்று மாற்றி மாற்றி ஊற்றட்டும். அவள் குவளையைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு கொஞ்சம் காத்திருக்கட்டும். அப்போது அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கலாம், அவள் கையைப் பிடித்துச் சாய்க்கலாம். பார்த்தால் அவள் உடனே ஊற்றட்டும். பார்க்கவில்லை என்றாலும் கொஞ்ச நேரம் கழித்து ஊற்றட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்